நொடிக்கு முப்பது

கடைசி அட்டைப்பெட்டியையும் வேனிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மூத்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. மூன்று வருடத்தில் இது நான்காவது வீடு. ஒவ்வொரு முறை மாறும்போதும் சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. களைப்பு மட்டும் கீறல் விழாமல் பத்திரமாகக் கூடவே வந்து சேர்ந்தது.

பழைய வீடு. சுவர்கள் கனமானவை. சுண்ணாம்பு அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது. கீழ்ப்பகுதி இவர்களுக்கு, மாடியில் வீட்டுக்காரம்மா. முன்னறை, சமையலறை, படுக்கையறை, அதற்கும் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு சிறிய அறை. காலை பதினொரு மணிக்கும் அதற்குள் எதுவும் தெரியவில்லை. வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல, வெந்த தூசியின் வாசனை வந்தது.

"இதை சாமான் போட வெச்சுக்குங்க," என்றாள் வீட்டுக்காரம்மா, உள்ளே கால் வைக்காமல் நிலையருகே நின்றபடி. "பகல்லயே லைட் போடணும். முன்னாடி இருந்தவங்களும் இதுல புழங்கல."

"எங்களுக்கு இருட்டுதாங்க வேணும்," என்றாள் மூத்தவள்.

வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீடியோ எடுக்கறதுக்கு. கையில வெச்சு விளையாடுவாங்களே, பழைய வீடியோ கேம், அதை இவ விளையாடுவா. நான் எடுத்து நெட்ல போடுவேன். வெளிச்சம் இருந்தா கண்ணாடியில எல்லாம் தெரியும்."

"அதை உக்காந்து யாரு பார்க்கறாங்க?"

"அதான் எங்களுக்கும் புரியல," என்றாள் இளையவள்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. தங்கை அன்று முழுவதும் பேசிய முதல் வாக்கியம் அது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒற்றைப் பையோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் இளையவள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாள். மூத்தவள் வீட்டிலிருந்தபடியே ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவள். யார் யாரோ சிரிப்பதை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்க்கும் முதுகுக்குச் சோறு வைப்பாள். தேற்றினாள், கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் ஒருநாள் பரணில் கிடந்த பழைய கையடக்க விளையாட்டுப் பெட்டியைத் துடைத்து, பேட்டரி போட்டு அவள் கையில் வைத்தாள். முதலில் உயிர் வந்தது கட்டைவிரல்களுக்குத்தான். பிறகு மெல்ல முதுகு நிமிர்ந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. யாரோ நாலு பேர் "நல்லா ஆடுறீங்க" என்று எழுதினார்கள். மறுநாள் இளையவள் தானாகவே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆகவே அந்த வீடியோக்கள் மூத்தவளுக்கு மருந்து மாதிரி. அவை நின்றால் தங்கை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

வேலைமுறை எளிது. ஒரு கேமரா தங்கையின் தோளுக்கு மேலிருந்து விளையாட்டுத் திரையைப் பார்க்கும். இன்னொன்று எதிரிலிருந்து முகத்தைப் பார்க்கும். அந்த முகம் வீடியோவின் மூலையில் ஒரு சின்னக் கட்டமாக வரும். கேமராக்களை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு மூத்தவள் வெளியே வந்துவிடுவாள். நொடிக்கு அறுபது ஃப்ரேம், அதாவது அறுபது தனித்தனிப் படங்கள், பதிவாகும். அதை அப்படியே ஏற்றினால் இவர்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றை எறிந்து முப்பதாக்கிவிடுவாள். ஏற்றி முடித்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவாள். கல்யாண வீடியோக்களுக்கே டிஸ்க்கில் இடம் போதவில்லை.

புது வீட்டில் எடுத்த முதல் வீடியோவை முப்பதாக்கிப் பார்த்தாள் மூத்தவள். மூலைக் கட்டத்தில் தங்கையின் முகம் வெளிறி, கண்களுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. இதைப் போட்டால் பார்ப்பவர்கள் என்ன எழுதுவார்களோ. முதல் ஃப்ரேம் கலங்கலாக இருக்கிறதென்று அதை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி முப்பதாக்கினாள். ஒரு ஃப்ரேம் போனதில் வரிசை மாறிவிட்டது. முன்பு வைத்துக்கொண்டவை குப்பைக்குப் போயின, எறிந்தவை உள்ளே வந்தன.

முகம் தெளிந்திருந்தது. உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்புகூட.

முகத்துக்கென்று மூலையில் வைத்த சின்ன ட்யூப்லைட்டின் துடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு ஃப்ரேமில் வெளிச்சம் ஏறும், அடுத்ததில் இறங்கும். வெளிச்சம் ஏறின பாதி தனக்குக் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து எல்லா வீடியோவிலும் முதல் ஃப்ரேமை வெட்டுவது அவளுக்குப் பழக்கமாயிற்று.

பார்ப்பவர்கள் கூடினார்கள். "சிரிச்ச முகம்" என்று எழுதினார்கள். "உங்களைப் பார்த்தாலே தெம்பா இருக்கு" என்றுகூட ஒருவர். மூத்தவளுக்கும் அப்படித்தான் இருந்தது. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து அந்த வீடியோக்களையே ஓடவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருப்பவளை நிமிர்ந்து பார்ப்பது குறைந்துபோயிற்று. இதை அவள் பிறகுதான் உணர்ந்தாள். அப்போது உணர்ந்ததெல்லாம் ஒரு நிம்மதி. திரையிலிருந்தவள் எதையும் கேட்கவில்லை. அவளைத் தேற்ற வேண்டியதில்லை.

"அக்கா, பாதி நாள் எங்க போகுதுன்னே தெரிய மாட்டேங்குது," என்றாள் இளையவள் ஒருநாள் மதியம்.

"எனக்கு முழு நாளே தெரியறதில்ல. சாப்பிடு."

"இல்லக்கா. தட்டுல சோறு இருக்கும். அடுத்து பார்த்தா தட்டு காலியா இருக்கும். நடுவுல நான் இல்ல."

"ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் வாங்கிட்டு வரேன்."

சொல்லும்போதும் அவள் கண் போனில்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், இளையவள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னறையிலிருந்து பொத்தான் அழுத்தும் ஓசை.

டக். டக் டக்.

கதவைத் திறந்தால் நின்றுவிடும். பெட்டி மேசைமேல் அணைந்து கிடக்கும். தொட்டால், யாரோ இப்போதுதான் கீழே வைத்தாற்போல உள்ளங்கைச் சூடு இருக்கும். வெந்த தூசி வாசனை முகத்தில் அறையும். மூத்தவள் நின்று பார்ப்பாள். பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, மிச்சமிருக்கும் கல்யாணத்தை வெட்டுவாள்.

புது வீட்டில் நாற்பத்திரண்டாவது வீடியோ எடுத்த அன்று சால்டரிங் மாமா போன் செய்தார். அது அவர் கமெண்ட் எழுதும் பெயர். ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரு பக்கம் எழுதுவார். எழுதி மாளாமல் நம்பர் வாங்கிப் பேசவும் ஆரம்பித்திருந்தார்.

"ஏம்மா, அந்த கேம்ல சுரங்க ஸ்டேஜ்ல எத்தனை வௌவால் வரும்?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்? தங்கச்சியைத்தான் கேக்கணும்."

"பன்னெண்டு. உங்க வீடியோல ஆறுதான் பறக்குது. உங்க தங்கச்சி இல்லாத வௌவாலைப் பார்த்துக் குனியுது, குதிக்குது. பார்க்கிறவன் பொண்ணுக்குப் பித்துப் பிடிச்சிருச்சுன்னுல்ல நினைப்பான்?"

"ரெக்கார்டிங்ல தப்பா?"

"ஃப்ரேம் ரேட்ல தப்பும்மா. அந்தப் பெட்டி ரொம்பச் சின்ன மெஷின். ஒரே வரிசையில பத்து உருவத்துக்கு மேல அதால வரைய முடியாது. அதுக்கு மேல வந்தா கூட்டத்தைப் பாதியாப் பிரிச்சு முறை வெச்சுக்கும். இந்த ஃப்ரேம்ல இவங்க, அடுத்த ஃப்ரேம்ல அவங்க. அவ்வளவு வேகத்துல மாத்தி மாத்திக் காட்டறதால நம்ம கண்ணுக்கு எல்லாரும் இருக்கிற மாதிரியே தெரியும். லேசாத் துடிக்கும், அவ்வளவுதான். நீங்க பாதியை எறியறீங்களா? ஒரு கூட்டத்தையே சுத்தமா அழிச்சிடறீங்க."

"இன்டர்நெட் தாங்காது மாமா."

"சரி, எறிங்க. எறியறதுக்கு முன்னாடி எதை எறியறோம்னு ஒரு தடவை பாருங்கம்மா. நாற்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, அன்றைய பதிவைத் திறந்தாள். முழு அறுபதும் அதில் இருந்தன, இன்னும் எதையும் வெட்டவில்லை. சுரங்க ஸ்டேஜுக்குப் போய் நிறுத்தி, அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினாள்.

ஆறு வௌவால்கள். தட்டினாள். வேறு ஆறு. தட்டினாள். முந்தைய ஆறு.

மாமா சொன்னது சரிதான். இத்தனை நாள் ஆறு பேரைக் கொன்றிருக்கிறோம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதோடு மூடியிருப்பாள். விரல்தான் பழக்கத்தில் இன்னொரு முறை தட்டியது.

மூலைக் கட்டத்தில் ஏதோ அசைந்தது.

முகக் கேமராவின் பதிவைத் தனியாகத் திறந்து திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

முதல் ஃப்ரேமில் தங்கை. வெளிறிய முகம், குழிவிழுந்த கண்கள். விளையாட்டைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டினாள்.

தங்கை குனிந்து விளையாட்டைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் பளபளத்தது.

தட்டினாள்.

குழிவிழுந்த கண்கள். கேமராவை நோக்கி. வாய் சற்றே திறந்திருந்தது.

தட்டினாள்.

சிரிப்பு. அதே குனிந்த தலை, அதே கன்னம்.

நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் யாராலும் தலையை இப்படி நிமிர்த்திக் குனிய முடியாது. கைகள் இரண்டு முகத்துக்கும் பொதுவாக இருந்தன. நாற்காலி பொது. கழுத்துக்குக் கீழே சட்டை மடிப்புகூட மாறவில்லை. முகம் மட்டும் முறை வைத்துக்கொண்டிருந்தது.



சிரிக்கும் ஃப்ரேம்களை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். தினமும் அவள் ஏற்றி, சாப்பிடும்போது பார்த்து, பார்த்துப் பார்த்துத் தெம்படைந்த அதே முகம். இப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். பதினோரு நிமிடத்தில் அது ஒருமுறைகூட இமைக்கவில்லை.

மற்ற பாதியை, அவள் எறியும் பாதியை, தனியாகப் பிரித்து ஓடவிட்டாள். தங்கை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒலிப்பதிவில் பொத்தான் சத்தத்தைத் தவிர எதுவுமில்லை. மூத்தவள் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். அந்த உதடுகளை அவளுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும்.

அக்கா.

அக்கா, இங்க பாரு.

இது நானில்ல. நான் இங்க இருக்கேன். இங்க பாரு.

பதினோரு நிமிடமும் அதையேதான் சொன்னாள். முடியும் தறுவாயில் உதடு காய்ந்து, சொல் பாதியில் நின்று, வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோரு வீடியோ. நாற்பத்தோரு நாள் தங்கை கூப்பிட்டிருக்கிறாள். அதையெல்லாம் வெட்டி, அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, நல்லவேளை இடம் கிடைத்தது என்று இவள் நிம்மதிப்பட்டிருக்கிறாள். ட்யூப்லைட் மேல் பழி போட்டது பொய் என்று இப்போது தெரிந்தது. ஆழத்தில் அப்போதே தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் வந்து அவளைச் சுட்டது. களைத்த தங்கை ஒருத்தி, களைக்காத தங்கை ஒருத்தி. அவள் தேர்ந்தெடுத்துத்தான் இருக்கிறாள். தினமும், ஒரு ஃப்ரேமை வெட்டி.

எழுந்து படுக்கையறைக்குப் போனாள். மதியம் இரண்டரை மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. இளையவள் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூத்தவள் அவளை நேராகப் பார்த்தாள்.

முகத்தின் விளிம்பு லேசாகத் துடித்தது.

"என்னக்கா?" தெளிவான, தெம்பான குரல்.

"நீ யாரு?" என்றாள் மூத்தவள் மெல்ல.

"என்ன கேள்வி இது? நான்தான்." சிரித்தது. இமைக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல, இன்னொரு ஜோடிக் கண்கள் வந்து வந்து மறைந்தன. வருவதைவிட மறைவது அதிகமாக இருந்தது.

மூத்தவள் திரும்பி ஓடினாள். மேசையில் உட்கார்ந்து அன்றைய பதிவைத் திறந்தாள். எதை வைத்துக்கொண்டாளோ அது வளர்ந்திருக்கிறது. எதை அழித்தாளோ அது தேய்ந்திருக்கிறது. அதைத் தவிர அவளுக்கு எதுவும் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தெம்புமில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

முதல் ஃப்ரேமை வெட்டவில்லை.

கூப்பிடும் பாதியை வைத்துக்கொண்டாள். சிரிக்கும் பாதியை எறிந்தாள். வீடியோவை ஏற்றினாள். பிறகு இந்த வீட்டில் எடுத்து நெட்டில் போட்டிருந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தாள். ஒவ்வொன்றை அழிக்கும்போதும் பின்னறையில் பொத்தான் ஒருமுறை ஒலித்தது.

டக்.

கடைசி வீடியோ போனபோது ஒலி நின்றது. பிறகு படுக்கையறையிலிருந்து ஒரு அழுகை. அசிங்கமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விக்கி விக்கி. சின்ன வயதிலிருந்தே இளையவள் அப்படித்தான் அழுவாள்.

"எவ்வளவு கூப்பிட்டேன் உன்னை," என்றாள் அவள், அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "செவிடு. செவிட்டுக் கழுதை."

"ஆமாண்டி," என்றாள் மூத்தவள். "ஆமா."

அந்த வெளிறிய கன்னமும், கருவளையமும், கசங்கிய தலைமுடியும் அவளுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தன.

பின்னறைக்குப் பூட்டுப் போட்டார்கள். விளையாட்டுப் பெட்டியைச் சால்டரிங் மாமாவுக்கே அனுப்பிவிட்டார்கள். வேறு வீடு பார்க்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம், கல்யாண சீசன் முடியட்டும் என்றாள் மூத்தவள். இளையவள் மெல்லத் தேறினாள். காய் நறுக்கினாள், மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவோடு வம்பளந்துவிட்டு வந்தாள், அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். தங்கை தேறத் தேற, ஒன்றரை வருடமாக மூத்தவள் தள்ளிப்போட்டிருந்த களைப்பெல்லாம் மொத்தமாக அவள்மேல் வந்து இறங்கியது. உட்கார்ந்த இடத்தில் கண் செருகியது. அடுப்பில் பால் வைத்தது நினைவிருக்கும், இறக்கியது நினைவிருக்காது. மேசையில் பாதி வெட்டிய கல்யாணம், அடுத்து பார்த்தால் முடிந்திருக்கும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இளையவள் போனோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, உனக்குத் தெரியாம ஒண்ணு பண்ணினேன். திட்டக்கூடாது."

"என்ன?"

"காலையில நீ பாத்திரம் கழுவினியே, அப்ப வீடியோ எடுத்தேன். நீயாவே சிரிச்சுக்கிட்டுக் கழுவினே. உன்னை இப்படிப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! எனக்கு அழுகையே வந்துடுச்சு."

மூத்தவள் காலையில் பாத்திரம் கழுவவில்லை. இளையவள் கழுவியிருப்பாள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

மடித்த துணி கையிலிருந்து நழுவியது. எட்டிப் பார்த்தாள். திரையில் அவள் நின்றிருந்தாள். முதுகு நிமிர்ந்து, கன்னம் தெளிந்து, பத்து வயது குறைந்தவளாக. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு உதட்டோரத்தில் அப்படியே நின்றது. கண்கள் திறந்தபடியே இருந்தன. ஈரக் கையால் அது நெற்றி முடியை ஒதுக்கியது. அப்போதும் இமைக்கவில்லை.

"போன்ல எத்தனை ஃப்ரேம் வெச்சு எடுத்தே?" என்றாள் மூத்தவள்.

"எதுவும் மாத்தலக்கா. அதுவா எடுக்கறதுதான். முப்பது."

"அந்தப் போனைக் கீழ வை. என்னைப் பாரு."

இளையவள் நிமிரவில்லை. வீடியோ முடிந்ததும் விரலால் தட்டி முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்தச் சின்ன வெளிச்சம் அவள் முகத்தில் நிம்மதியாகப் படர்ந்தது.

"ஏய், இங்க பாருடி. நான் இங்க இருக்கேன்."

"பார்த்துக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்," என்றாள் தங்கை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.